மூன்று முறை கணினிமயமான எங்கள் ஆபிஸ்

எங்கள் கல்லூரி அலுவலகத்தைக் கணினிமயமாக்கும் வேலை மூன்று முறை நடந்தது. முதல் இரண்டும் படுத்துவிட்டன. மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1998-இல் டைப்பிஸ்டாகச் சேர்ந்து இப்போது கண்காணிப்பாளராக இருக்கும் எனக்கு இந்த மூன்றிலும் பங்கு உண்டு, மூன்றிலும் நடந்த தப்புகளிலும் பங்கு உண்டு. தாமிரபரணிக் கரையில், சுமார் இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி, அவ்வளவு போதும், பெயர் வேண்டாம். வேறு கல்லூரிகளிலிருந்து "மேடம், நாங்களும் சாஃப்ட்வேர் வாங்கப் போறோம், எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்று அடிக்கடி போன் வருகிறது. கம்பெனியைப் பற்றிக் கேட்கிறார்களே தவிர, உங்கள் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை 1999. கணினித் துறையில் ஒரு இளம் விரிவுரையாளர் ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கட்டண ரசீது, நாமினல் ரோல் என்கிற மாணவர் பெயர்ப் பட்டியல், ஹால் டிக்கெட் மூன்றும் அதில் வந்தன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தம் போட்டுக்கொண்டு நாமினல் ரோலைத் துப்பியபோது ஆபிஸே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இடம் விட்டிருந்தார். 2000-இல் சேர்ந்த பிள்ளைகள் 'பூஜ்யம் பூஜ்யம்' என்று பட்டியலின் தலையில் போய் உட்கார்ந்தார்கள், 99-இல் சேர்ந்தவர்களுக்கு முன்னால். அதைக்கூட அவரே சரி செய்து கொடுத்தார். அடுத்த வருடம் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது, போய்விட்டார். புரோகிராம் எப்படி எழுதப்பட்டது என்று ஒரு பக்கம் கூட எழுதி வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாலு ஃபிளாப்பி இருந்தது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பூஞ்சை. மறுபடி லெட்ஜர்.

இரண்டாவது முறை யாரும் அதைக் கணினிமயம் என்று சொல்லவில்லை, தானாக நடந்தது. 2008 வாக்கில் எல்லா மேசையிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, எல்லாருக்கும் எக்செல் தெரிந்துவிட்டது. ஸ்காலர்ஷிப் செக்‌ஷனுக்கு ஒரு ஃபைல், கட்டணத்துக்கு ஒன்று, தேர்வுப் பிரிவுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று. ஒரே பிள்ளை நாலு இடத்தில் நாலு விதமாக இருப்பாள். ஃபைல்களின் பெயர் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஒரிஜினல்', கடைசியில் 'மேடம் பார்த்தது'.

எக்செல்லைக் குறை சொல்ல மாட்டேன், அதன் குணம் தெரியாமல் நாங்கள்தான் ஏமாந்தோம். ஆதார் எண்ணைத் தட்டினால் 12 இலக்கத்தையும் சுருக்கி நடுவில் 'ஈ பிளஸ்' போட்டுக் காட்டும். அதையாவது பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம், கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி எண்ணை மறுபடி தட்டினால் தீர்ந்தது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்தான் விஷம். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும், பதினாறாவதைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பத்து பதினைந்து பிள்ளைகளின் உதவித்தொகை திரும்பி வந்த பிறகுதான், எல்லாருடைய கணக்கும் பூஜ்யத்தில் முடிவதை அண்ணாச்சி கவனித்துச் சொன்னார். அண்ணாச்சியைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

பிறந்த தேதி இன்னொரு தலைவலி. அலுவலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அமெரிக்க முறையில் செட் ஆகியிருந்தன, மாதம் முதலில், நாள் பிறகு. 13/06/1992 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். 05/06/1992 என்று அடித்தால் ஜூன் 5-ஐ மே 6 ஆக்கிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது கணக்குச் சரியாக வரட்டும் என்று மே, ஜூனில் பிறந்த தேதி போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆபிஸில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் 12-ஆம் தேதிக்குள் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் நாளும் மாதமும் இடம் மாறின. ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன்: தேதிக் கட்டத்தின் அகலத்தை இழுத்துப் பாருங்கள். எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டது வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டது இடது பக்கம் நிற்கும். ஒரே வரிசையில் இரண்டும் கலந்து நின்றால் அந்த வரிசை முழுவதையும் சேர்க்கைப் பதிவேட்டோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், வலது பக்கம் நிற்பதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது முறை 2019. உண்மையைச் சொன்னால், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரப்போகிறது என்பதுதான் காரணம். நிர்வாகம், நிதி, சேர்க்கை, தேர்வு இவற்றில் மின்னாளுகை, அதாவது கணினி வழி நிர்வாகம், இருக்கிறதா என்று அவர்களுடைய அப்போதைய படிவத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. பில் காட்ட வேண்டும், கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து ஒட்ட வேண்டும். அதற்காக ஆரம்பித்த வேலைதான், பரவாயில்லை, கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீட்டில் அதற்குப் பிறகும் குடியிருக்கத்தானே செய்கிறோம்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து டெமோ காட்ட வந்த பையன் நன்றாகப் பேசினான். கலர் கலராக வட்டப்படம், பெற்றோருக்குத் தானாகக் குறுஞ்செய்தி, முதல்வர் போனிலேயே வருகைப்பதிவு. எல்லாரும் தலையாட்டினோம். யாருமே "எங்க பதிவேட்டில் இருந்து ஒரு பக்கம் தர்றேன், இதை இப்ப ஏற்றிக் காட்டு" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பாதி விஷயம் தெரிந்திருக்கும்.

சமூகப் பிரிவு என்ற இடத்தில் பொது, ஓபிசி, எஸ்சி, எஸ்டி என்று நாலே நாலு. வடக்கே செய்த சரக்கு. நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் 30 சதவீதம், அதற்குள் முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 18, அதற்குள் அருந்ததியர் 3, பழங்குடி 1 என்று 69 சதவீதம் கணக்கு. சேர்க்கை, உதவித்தொகை, ஆண்டுதோறும் டெல்லிக்கு அனுப்பும் உயர்கல்விக் கணக்கெடுப்பு எல்லாம் இதன் மேல் நிற்கிறது. அந்த நாலு பெட்டிக்குள் எங்கள் பிள்ளைகளை அடைக்க முடியாது என்று சொன்னதும், "கஸ்டமைசேஷன் சார்ஜ் ஆகும் மேடம்" என்றார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு தெரியவரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான்.

அடுத்தது பெயர். முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர், மூன்றும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். எங்களிடம் இருப்பது ஒரு பெயர், ஒரு இன்ஷியல். இன்ஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளி உண்டா இல்லையா, இடைவெளி விட வேண்டுமா என்று ஆளுக்கு ஒன்றாக அடித்தார்கள். முத்துலட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒருத்தி கே எஸ் எச் போடுவாள், ஒருத்தி எக்ஸ், 'மு'வுக்கு ஒருத்தி ஒரு யு, இன்னொருத்தி ஜோதிடர் சொன்னார் என்று இரண்டு யு, 'து'வுக்கு டி எச், வெறும் டி என்று தனிக் கணக்கு. கல்யாணம் முடிந்து எம்.ஏ. சேர வரும் பெண்களுக்கு ஆதாரில் கணவர் இன்ஷியல், பட்டத்தில் அப்பா இன்ஷியல். நாங்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து என்ன இருக்கிறதோ அதுதான் சான்றிதழுக்கான பெயர். ஆதாரில் உள்ளது தனிக் கட்டம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஆதாரைத் திருத்தச் சொல்வது. அரசிதழில் பெயர் மாற்றியிருந்தால் அரசிதழ் தேதியும் பக்கமும் சேர்த்துக் குறிப்பது. இது சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் இந்த முடிவை எடுக்க எங்களுக்கு நாலு கூட்டம் ஆனது, ஏனென்றால் இருபது வருடமாக அதைக் கிளார்க்குகள் அவரவர் மனசுப்படி செய்துகொண்டிருந்தோம். கையால் எழுதும்போது தள்ளிப்போட முடிந்த முடிவை எல்லாம் கம்ப்யூட்டர் இன்றைக்கே எடு என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

கட்டாயப் பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அப்பா பெயர் கட்டாயம். அம்மா மட்டும் வளர்க்கும் பிள்ளை வந்து நிற்கிறாள், பின்னால் நாற்பது பேர் வரிசை, கிளார்க் என்ன செய்வான், ஒரு புள்ளி வைத்து அடுத்த பக்கம் போனான். மாறுதல் சான்றிதழில் 'தந்தை பெயர்: புள்ளி' என்று அச்சாகி வந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள், எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெற்றோர் செல்போன் எண் கட்டாயம். எண் இல்லாதவர்களுக்கு எங்கள் ஜூனியர் அசிஸ்டென்ட் தம்பி தன் சொந்த எண்ணையே போட்டுவிட்டான், அறுபது பேருக்கு. 'தங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்று ராத்திரி பத்து மணிக்கு அவன் போன் விடாமல் அடிக்க, அவனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, வீட்டில் ஒரே விசாரணை. சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்காமல் சான்றிதழில் 'தேர்ச்சி' என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்களே, அந்தப் பிள்ளைகள் 2023-இல் எங்களிடம் வந்தபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பெட்டி எண் கேட்டு அடம்பிடித்தது. யாரோ எல்லாருக்கும் 35 போட்டார்கள். அதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரச் சேர்க்கை முடிந்துவிட்டது. எந்தப் பெட்டியைக் கட்டாயம் ஆக்கினாலும் பக்கத்திலேயே 'இல்லை', 'பொருந்தாது' என்று இரண்டு வழி விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அதில் பொய்தான் வந்து விழும். பிளஸ் டூ மொத்த மதிப்பெண்ணும் அப்படித்தான்: 2018 வரை வந்தவர்களுக்கு 1200, 2019 முதல் 600. மொத்தம் எவ்வளவுக்கு என்று ஒரு கட்டம் இல்லாததால் பழைய பிள்ளைகள் சிலர் 160 சதவீதம் வாங்கியிருந்தார்கள்.

சரி, அண்ணாச்சி. எங்கள் ரெக்கார்டு கிளார்க். சான்றிதழின் உண்மைத்தன்மை கேட்டு ஏதாவது அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், 1983-இல் பி.காம். படித்த ஒருவர் விவரம் வேண்டும் என்று. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குள் போவார், டீ வருவதற்குள் பதிவேட்டோடு வந்துவிடுவார். பதிவேட்டின் ஓரங்களில் அவருக்கென்று ஒரு பாஷை இருந்தது, அவருக்கு முன்னால் இருந்தவரிடம் கற்றது. சிவப்பு நட்சத்திரம் என்றால் அசல் சான்றிதழ் இன்னும் நம் பீரோவில் இருக்கிறது. நீல வட்டத்துக்குள் எண் என்றால் மாறுதல் சான்றிதழின் அடிக்கட்டை எண். பென்சிலில் 'ம' என்றால் மறுசேர்க்கை, நடுவில் நின்று மறுபடி வந்தவர், அவருடைய மிச்சம் வேறொரு வருடப் பதிவேட்டில் இருக்கும். அம்புக்குறி என்றால் முதல் மாதமே துறை மாறிப்போனவர்.

தகவல் ஏற்ற வந்த ஒப்பந்தப் பையன்கள் பெயர், தேதி, எண் என்று கேட்ட பெட்டிகளை நிரப்பிவிட்டு ஓரத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. மறுசேர்க்கை ஆனவர்கள் இரண்டு மாணவர்களாகக் கணக்கில் இருந்தார்கள், முதலாமவர் இன்னும் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் ஆளாக. துறை மாறியவர் வேதியியலில் வராதவர், கணிதத்தில் திடீரென்று முளைத்தவர். "அது எப்படிம்மா அந்த மெஷினுக்குத் தெரியும், நீங்கதான் சொல்லலையே" என்றார் அண்ணாச்சி. குற்றம் சொல்கிற குரலில் இல்லை, அதனால்தான் இன்னும் உறைத்தது.

அவர் ஓய்வு பெற அப்போது எட்டு மாதம் இருந்தது. தினமும் மதியம் மூன்றிலிருந்து நாலு வரை நானும் அந்த ஜூனியர் தம்பியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பதிவேட்டைத் திறக்க வேண்டியது, ஒவ்வொரு குறிக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது. முப்பத்து நாலு குறிகள் தேறின. அதில் சிலவற்றுக்குப் புதிதாகப் பெட்டி போடச் சொன்னோம், மிச்சத்துக்கு 'குறிப்பு' என்று திறந்த பெட்டி ஒன்று, யார் எந்தத் தேதியில் எழுதியது என்பது தானாக விழுகிற மாதிரி. இந்த வேலையை சாஃப்ட்வேர் வாங்கிய பிறகு செய்தோம். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். உங்கள் ஆபிஸிலும் ஒரு அண்ணாச்சியோ ஒரு அக்காவோ இருப்பார், அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று முதலில் பாருங்கள், அதுதான் உங்கள் திட்டத்தின் கடைசித் தேதி.

தேர்வுப் பிரிவில் நடந்தது வேறு ரகம். இளநிலைப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும், ஆனால் எழுத்துத் தேர்வில் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் 40-ஐ மட்டும் வைத்துக் கணக்கு எழுதியிருந்தார்கள். அகத்தில் 22, எழுத்தில் 24, கூட்டினால் 46, 'தேர்ச்சி' என்று பச்சையில் காட்டியது. அதைப் பிடித்தது எந்தப் பரிசோதனையும் இல்லை, நாங்கள் பயந்துபோய் இரண்டு பருவத்துக்குப் பழைய முறையிலும் கையால் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம், இரண்டையும் ஒப்பிட்டபோது தெரிந்தது. இரட்டை வேலை என்று எல்லாரும் என்னைத் திட்டினார்கள். அன்றைக்குப் பிறகு திட்டவில்லை. ஆப்சென்டையும் பூஜ்யத்தையும் ஒன்றாகவே வைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தேர்வுக்கே வராத பிள்ளையும் எழுதி ஒன்றும் எடுக்காத பிள்ளையும் ஒன்றா? ரொம்பச் சிக்கலானது அரியர். பழைய பாடத்திட்டத்தில் தோற்ற பாடம் புதிய திட்டத்தில் இல்லை, அதற்கு இணையான பாடம் எது என்று துறைத்தலைவர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு யாரோ ஒருவர் மேசை டிராயரில் இருக்கும். அந்தத் துண்டுச்சீட்டுகளை எல்லாம் திரட்டி அட்டவணை ஆக்கவே ஒரு கோடை விடுமுறை போனது. நீங்கள் சோதனை செய்யும்போது நன்றாகப் படிக்கிற, ஒழுங்காக வருகிற பிள்ளையின் பதிவை எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள், அது எந்த சாஃப்ட்வேரிலும் சரியாகத்தான் வரும். நடுவில் நின்று, துறை மாறி, ஆறு அரியர் வைத்து, பெயர் மாற்றி, இன்னும் முடிக்காத ஒரு ஆளைக் கண்டுபிடித்து அவர் பதிவை ஏற்றிப் பாருங்கள்.

என்னுடைய தப்பு ஒன்று. கோயில் கொடைக்கு மூன்று நாள் லீவில் போனபோது, பிரிண்ட் எடுக்க மட்டும்தானே என்று என் பாஸ்வேர்டைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பையனின் அகமதிப்பீடு என் பெயரில் திருத்தப்பட்டிருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, உண்மையிலேயே தவறாக ஏறிய எண்ணைத்தான் திருத்தியிருந்தார்கள், ஆனால் துறைத்தலைவரின் கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை, கணினியில் என் பெயர். முதல்வர் முன்னால் நின்று நான்தான் பதில் சொன்னேன். பேரேட்டில் அடித்துத் திருத்தினால் அடித்த கோடு தெரியும், பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும். கம்ப்யூட்டரில் அந்தக் கோடு தெரிய வேண்டும் என்றால் பழைய எண், புதிய எண், யார், எப்போது என்று நான்கும் அழியாமல் நிற்கிற மாதிரி கேட்டு வாங்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டும் பழக்கம் எங்களிடம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு கூத்து. பழைய ஃபைல்களில் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தோம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். புது சாஃப்ட்வேர் யூனிகோடு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே ஃபைலில் சிலர் பாமினி, சிலர் வானவில் என்று கலந்து தட்டியிருந்ததால், ஒன்றுக்கு மாற்றினால் மற்றது சின்னாபின்னம் ஆனது. ஃபான்ட் வாரியாகப் பிரித்த பிறகே மாற்ற முடிந்தது.

அப்புறம் அரசின் யூமிஸ் வந்தது, கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றும் இணையதளம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய், அந்தத் தளத்தில் விவரம் சரியாக இருந்தால்தான் அந்தப் பணம் என்று ஆனது. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த எமிஸ் எண்ணைப் போட்டால் பள்ளிக்கூடப் பதிவு வந்து நிற்கிறது, அது உண்மையில் நல்ல வசதி. ஆனால் எங்கள் சாஃப்ட்வேரும் அதுவும் பேசிக்கொள்ளாது, எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதற்கும் சேர்த்து இரண்டு தடவை வேலை. ஒன்று மட்டும், பெயருக்கு நாங்கள் போட்ட விதி இங்கே கைகொடுத்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிகளில் ஆதார்ப் பெயர் ஒத்துப்போகாமல் பிள்ளைகள் அலைந்தபோது எங்களிடம் அலைந்தவர்கள் கொஞ்சம்தான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு கரை மீறி எங்கள் தரைத்தளத்துக்குள் வந்தது. ரெக்கார்டு ரூம் தரைத்தளத்தில்தான், கனமான பொருள், மாடியில் வைத்தால் தாங்காது என்று எப்போதோ யாரோ சொன்னதால். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நாலாம் நாள் சேற்றில் இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினோம். கீழ் இரண்டு அடுக்கும் நனைந்து உப்பி, பீரோவை விட்டு எடுக்க வராமல் இறுகிப்போயிருந்தன.

புது சாஃப்ட்வேரில் இருந்தது எல்லாம் வேறு ஊர் சர்வரில் பத்திரம். பழைய பதிவேடுகளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டிருந்தோம், 1971-லிருந்து 1990 வரை முடிந்திருந்தது. அந்த ஹார்ட் டிஸ்க் எங்கே இருந்தது தெரியுமா, அதே ரெக்கார்டு ரூமில், அதே பீரோவில். பதிவேடும் அதன் நகலும் ஒரே தண்ணீரில். எங்களைக் காப்பாற்றியது திட்டம் எதுவும் இல்லை. ஃபைல்களுக்குப் பெயர் ஒழுங்காக வைக்கிறேன் என்று அந்த ஜூனியர் தம்பி, விதிப்படி செய்யக்கூடாத காரியம், ஒரு நகலைத் தன் பையில் போட்டு சங்கரன்கோவிலில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஒரு நகல் எங்கள் நிர்வாகத்தின் இன்னொரு ஊர்க் கல்லூரிக்குப் பூட்டிய பெட்டியில் போகிறது, மாதம் ஒரு முறை அதைத் திறந்து ஏதாவது பத்துப் பக்கத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். திறந்தே பார்க்காத நகல் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான், ஃபிளாப்பி காலத்திலேயே எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியது.

நனைந்த பதிவேடுகளை யாரோ வெயிலில் பரப்பச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற அண்ணாச்சி அன்று பஸ் இல்லாமல் யாருடைய டிராக்டரிலோ ஏறி வந்து சேர்ந்தவர், "வெயிலு வேண்டாம், தாள் முறுக்கிக்கும், பிரிச்சும் இழுக்காதீங்க" என்றார். மாடி வகுப்பறைகளில் பெஞ்சுகள் மேல் நிற்க வைத்து, கரண்ட் வந்த பிறகு ஃபேன் போட்டு, இடையிடையே வெள்ளைத் தாள் சொருகி, தாளை மாற்றி மாற்றி மூன்று வாரம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது எல்லாம் அப்படியே நின்றது. நீல மசி போட்டு நல்ல கையெழுத்தில் எழுதிய பக்கங்கள்தான் வெறும் நீல நிழலாகிவிட்டன. ஸ்கேன் ஆகாத வருடங்களில் 1992, 1993, 1994 மூன்றும் பெரும்பாலும் போயிற்று.

கம்பெனியோடு ஒப்பந்தம் இந்த வருடம் முடிகிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று வருடா வருடம் கொடுக்கிறோம், விலையைக் கூட்டியிருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போகலாம் என்றால் எங்கள் தகவலை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. கேட்டதற்கு பிடிஎஃப் தருகிறோம் என்கிறார்கள், பிடிஎஃப்பை வைத்து நான் என்ன வடை மடிப்பதா? இன்னொரு சாஃப்ட்வேரில் ஏற்ற முடிகிற மாதிரி அட்டவணையாக, எந்தப் பெட்டி எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு, ஆண்டுக்கு ஒரு முறை கேட்காமலேயே தர வேண்டும் என்று கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை, இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஒருவர் வந்தார். 1993-இல் சேர்ந்தவர், மகளின் சேர்க்கைக்காக வந்த இடத்தில் தன் பழைய விவரம் ஒன்று வேண்டும் என்றார். கணினியில் இல்லை, பதிவேட்டில் அவர் பக்கம் நீல நிழல். சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்னேன். அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த தன் மாறுதல் சான்றிதழின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். மூலையில் நீல வட்டம், வட்டத்துக்குள் அடிக்கட்டை எண், அண்ணாச்சி கையெழுத்து. அதை ஸ்கேன் செய்து, சேர்க்கை எண், தேதி, துறை எல்லாம் அவரிடமே கேட்டுக் கேட்டு ஏற்றினேன். குறிப்புப் பெட்டியில் 'மாணவரிடம் இருந்த நகலிலிருந்து' என்று அடித்தேன், தேதியும் என் பெயரும் தானாக விழுந்தன. போகும்போது, அவர் வகுப்பில் படித்த இன்னும் ஏழெட்டுப் பேர் உள்ளூரில்தான் இருக்கிறார்கள், அவர்களையும் சான்றிதழோடு வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.